எல்லாமே 'பாக்ஸ்' இல்லீங்க பாஸ்!

இன்டர்வியூல "உங்க ஊர் தொழிலைப் பத்தி இங்கிலீஷ்ல சொல்லுங்க"னு கேட்டா, தக்காளி வர்றதும் பாக்ஸ், நட்டு போல்ட்டு கிடக்கறதும் பாக்ஸ், பனியன் போறதும் பாக்ஸ்னு அடிச்சு விடற ஆளா நீங்க? அப்படின்னா ஒரு நாள் லீவு போட்டுட்டு வாங்க. கோயமுத்தூர்ல இருந்து திருப்பூருக்கு ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம். டிக்‌ஷனரி வேண்டாம், கண்ணு ரெண்டும் போதும்.

விடிகாலை, மேட்டுப்பாளையம் ரோடு எம்.ஜி.ஆர். மார்க்கெட். லாரியில இருந்து தக்காளி இறங்குது. நாம 'பெட்டி'ங்கறோம். ஆனா, உத்துப் பாருங்க. மூடி கிடையாது, நாலு பக்கமும் காத்து போக சந்து. ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கினாலும் கீழே இருக்கறது நசுங்காது. இதுதான் 'கிரேட்'. காத்துப் புகாத பாக்ஸ்ல அடைச்சா தக்காளி வேர்த்து அழுகிடும். பேருக்குள்ளேயே வேலை இருக்கு பாத்தீங்களா?

அடுத்து கணபதி. ஏதாவது ஒரு பட்டறையோட ஸ்டோர்ஸ் ரூமை எட்டிப் பாருங்க. முன்பக்கம் திறந்த தொட்டிகள்ல நட்டு தனியா, வாஷர் தனியா கிடக்கும். அது 'பின்'. குப்பைத்தொட்டிக்கு மட்டும்தான் அந்தப் பேருன்னு நினைச்சீங்களா? உதிரியா கொட்டி வச்சு கைவிட்டு அள்ளறதும் பின்தாங்க. எத்தனை வந்துச்சு, எத்தனை போச்சுனு எழுதி வைக்கற அட்டைக்கே 'பின் கார்டு'னுதான் பேரு.

பஸ் ஏறி சூலூர் பக்கம் போனா, நூல் மில்லுங்க. 1888-ல ஸ்டேன்ஸ் மில் ஆரம்பிச்ச ஊராச்சே நம்ம ஊரு! கார்டிங் மெஷின்ல இருந்து கயிறு மாதிரி வர்ற பஞ்சு, உயரமான உருளை ஒண்ணுல சுருண்டு சுருண்டு விழும். அது 'கேன்'. நம்ம வீட்டுக்கு வர்ற 20 லிட்டர் தண்ணியும் கேன். அமெரிக்கால கேன்னா கையடக்க கோலா டின்னு!

அதே மில்லுக்கு வர்ற பஞ்சுப் பொதி, 'பேல்'. இந்தியால ஒரு பேல் 170 கிலோ. அமெரிக்கப் பேல் 480 பவுண்டு, அதாவது சுமார் 218 கிலோ. வார்த்தை ஒண்ணுதான், எடையில 48 கிலோ வித்தியாசம். கவனிக்காம ஆர்டர் போட்டா கணக்கு காலி!

கடைசி ஸ்டாப் திருப்பூர். பனியன் முதல்ல பாலித்தீன் கவர்ல போகுது, அப்புறம் அட்டைப்பெட்டியில. அது 'கார்ட்டன்'. நூத்துக்கணக்கான கார்ட்டன் ஏறி தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போற 20 அடி, 40 அடி இரும்புப் பெட்டிதான் 'கன்டெய்னர்'. படிப்பு முடிச்சு இங்கே மெர்ச்சண்டைசரா சேரப் போறீங்களா? "நூறு கார்ட்டன் அனுப்பறோம்"னு எழுத வேண்டிய மெயில்ல "நூறு கன்டெய்னர்"னு தட்டிட்டீங்கன்னா, அங்கே பையர் மயங்கி விழுவார். இங்கே உங்க வேலை ஆட்டம் காணும்!

"இவ்வளவு வார்த்தையை எப்படிங்க மனப்பாடம் பண்றது?"ங்கறீங்களா? ராத்திரி வீட்டுக்கு வந்ததும் நேரா சமையல்கட்டுக்குப் போங்க. சாப்பாடு எடுத்துட்டுப் போக தூக்குப்போசி, ஆக்கி இறக்க குண்டா, தண்ணிக்கு மொடா. "மொடாவுல மத்தியானச் சோறு கட்டிக் குடுங்க"னு அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க. "ஏங்கண்ணு, காய்ச்சல் ஏதும் அடிக்குதா?"ம்பாங்க. இந்த வித்தியாசத்தை எந்த வாத்தியார் உங்களுக்குச் சொல்லிக் குடுத்தார்? பாத்துப் பாத்துப் பழகினதுதானே!

இங்கிலீஷும் அப்படித்தாங்க. உள்ளே என்ன இருக்கு, மூடி உண்டா, எப்படித் தூக்கறாங்க... இந்த மூணையும் கேட்டுட்டு வாயைத் திறங்க. சரியான வார்த்தை தானா வரும்!