நாலே முக்கால் மணி நேரப் பேச்சும் ஒரு வாக்குறுதியும்

பட்ஜெட் உரை என்றாலே கொட்டாவி விடுபவர்கள் வில்லியம் கிளாட்ஸ்டனைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நான்கு முறை பிரிட்டிஷ் பிரதமராக இருந்தவர். ஆனால் அவருக்கு முதலில் பெரும்பெயர் வாங்கித் தந்தது நிதியமைச்சர் பதவிதான்.

1852 டிசம்பர் 16. நிதியமைச்சர் டிஸ்ரேலி தன் பட்ஜெட் மீதான விவாதத்துக்குப் பதில் சொல்லி முடித்தபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. வழக்கப்படி அடுத்தது ஓட்டெடுப்புதான். ஆனால் கிளாட்ஸ்டன் எழுந்துவிட்டார். ஆளுங்கட்சிப் பக்கம் ஒரே கூச்சல். அவர் அசரவில்லை. டிஸ்ரேலியின் கணக்கைப் பிரித்து மேய்ந்துவிட்டார். 305க்கு 286 என்று பட்ஜெட் தோற்றது. டெர்பி பிரபுவின் ஆட்சியும் கவிழ்ந்தது.

குறை சொல்வது எளிது, நீ செய்து காட்டு என்பார்கள் அல்லவா? அடுத்த நிதியமைச்சர் அவரேதான்!

1853 ஏப்ரல் 18 அன்று தன் முதல் பட்ஜெட்டை வைத்து நாலே முக்கால் மணி நேரம் பேசினார். சோப்பு மீதான வரி ஒழிந்தது. வருமான வரிக்கு ஒரு கால அட்டவணையே போட்டார். ஒரு பவுனுக்கு (அன்று 240 பென்ஸ்) இரண்டு ஆண்டுக்கு 7 பென்ஸ், அடுத்த இரண்டு ஆண்டுக்கு 6, பிறகு மூன்று ஆண்டுக்கு 5. 1860ல் வரியே கிடையாது!

1854ல் கிரிமியப் போர் வந்தது. குறைப்பேன் என்ற அதே மனிதர் வரியை 14 பென்ஸாக இரட்டிப்பாக்கும்படி ஆனது. 1860ல் மறுபடி அவரே நிதியமைச்சர். வரி ஒழியவில்லை, 10 பென்ஸானது. வேடிக்கை என்னவென்றால், அதே 1860ல்தான் ஜேம்ஸ் வில்சன் இந்தியாவுக்கும் வருமான வரியைக் கொண்டுவந்தார். அதைப் பகிரங்கமாக எதிர்த்த சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் பதவியை இழந்தார்.

1874 தேர்தலில் கிளாட்ஸ்டன் மீண்டும் அதே வாக்குறுதியைக் கொடுத்தார். ஜெயித்தது டிஸ்ரேலி. இன்றுவரை பிரிட்டனில் வருமான வரி சட்டப்படி தற்காலிக வரிதான். நாடாளுமன்றம் ஆண்டுதோறும் புதுப்பிக்கிறது.

அப்படியானால் அந்தப் பேச்சு பொய்யா? கூட்டல் கழித்தலில் தப்பில்லை. ஏழு வருடம் பெரிய போர் வராது என்ற நம்பிக்கைதான் தப்பு. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எந்த வருடம் எத்தனை பென்ஸ் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னதால்தான், அவர் தோற்றதை இன்று நம்மால் சரிபார்க்க முடிகிறது. 'விரைவில் குறைப்போம்' என்று மட்டும் சொல்பவர்கள் ஒருபோதும் தோற்பதில்லை!