ஒளுவுக்கு ஆகும் தண்ணீர் குடிக்க ஆகுமா?

யாழ்ப்பாண நகரை விட்டுப் பண்ணைப் பாலத்தில் ஏறியதும் இரு பக்கமும் தண்ணீர்தான். அதில் ஒரு மிடறுகூட வாயில் வைக்க முடியாது. மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவு என்று கடந்து குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்தால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு கிடைக்கும். நயினாதீவு பக்கத்தில்தான். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். காற்று எழும்பிவிட்டால் படகில் திக்ரு சொல்லாதவர் இருக்க மாட்டார்!

நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் பவளக்கல் மதில்களையும், மட்டக் குதிரைகளையும், ஒல்லாந்தர் காலக் கோட்டையின் இடிபாட்டையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். தீவில் குடித்தனம் நடத்தும் பெண்களுக்கு இவை பெரிதல்ல. இன்று எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர், எது உவர்த்துவிட்டது என்பதுதான் அவர்களுடைய கவலை.

இத்தீவுகளில் ஆறு இல்லை. பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லிலும் மணலிலும் இறங்கி, பூமிக்கடியில் உள்ள உப்பு நீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்கிறது. அல்லாஹ்வின் ஏற்பாட்டைப் பாருங்கள்: கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓரடியை இறைத்துத் தீர்த்தால் கீழிருந்து உப்பு ஏறி வந்துவிடும். வேலணையின் சாட்டிப் பகுதிக் கிணறுகள் பெயர் பெற்றதற்குக் காரணம் அங்குள்ள மணல் இந்த நன்னீரைத் தாங்கி வைத்திருப்பதே.

நல்ல கிணறு இல்லாத இடத்தில் கேணி, குளம், சீமெந்துத் தாங்கி என்று திறந்த நீரை நம்ப வேண்டியிருக்கிறது. கோடையில் அது பச்சையாகிறது. இங்கேதான் நம் வீடுகளில் ஒரு குழப்பம் வருகிறது.

மத்ரஸாவில் ஃபிக்ஹின் முதல் பாடமே தண்ணீர். நெடுநாள் தேங்கியதாலோ, மண்ணாலோ, தானாக முளைத்த பாசியாலோ நிறம் மாறிய நீர் ஷாஃபிஈ மத்ஹபில் தஹூர்தான். அதில் ஒளுச் செய்யலாம். பாசி வராமல் நீரைக் காப்பது சிரமம் என்பதால் வந்த சலுகை இது. பள்ளிவாசல் ஹவுள் கொஞ்சம் பச்சையானால் தொழுகைக்குக் குறைவில்லை. ஆனால் உடலுக்குத் தீங்கு தருவதைப் பருகக் கூடாது என்பதும் அதே கிதாபுகளில் உள்ள சட்டம்தான். ஒளுவின் சட்டத்தைக் குடத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

பச்சையெல்லாம் நஞ்சல்ல. ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். நூல் நூலாகக் குச்சியில் சுற்றிக்கொண்டு வந்தால் அது பெரும்பாலும் சாதாரணப் பாசி. பச்சைப் பெயிண்டைக் கொட்டியது போல மேலே படர்ந்து, குச்சியில் சிக்காமல் கலைந்தால் நீலப்பச்சைப் பாசி என்று சந்தேகிக்க வேண்டும். அதன் சில இனங்கள் ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்குகின்றன. 1991இல் கொத்மலை நீர்த்தேக்கத்திலும் 1999இல் கண்டி ஏரியிலும் படர்ந்தது இந்த வகைதான். உரமும், மாட்டுச் சாணமும், சவர்க்கார நீரும் சேருமிடத்தில், வெயிலும் இருந்தால், அது பெருகும்.

“கொதிக்க வைத்தால் போச்சு” என்பது தாய்மார்களின் நம்பிக்கை. கொதிப்பில் கிருமி சாகும். இந்த நஞ்சு அழியாது. தண்ணீர் சுண்டச் சுண்ட நஞ்சு இன்னும் செறியும். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலிடோ நகரில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடம் குழாய் நீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவும் வைக்காதீர்கள் என்று சொல்ல வேண்டி வந்தது. சேலைத் துணியில் வடிப்பதும் நஞ்சை நிறுத்தாது.

மருந்து போட்டுப் பாசியைக் கொன்றால் என்ன? ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் 1979இல் அதைத்தான் செய்தார்கள். குடிநீர் அணையில் பாசி பெருகியதும் மயில்துத்தம் போட்டார்கள். பாசி செத்தது. செத்த பாசியின் உள்ளே இருந்த நஞ்சு முழுவதும் நீரில் கலந்தது. சில நாட்களில் 148 பேர், பெரும்பாலும் குழந்தைகள், வாந்தியும் ஈரல் வீக்கமுமாக நோயில் விழுந்தார்கள். என்ன நோய் என்றே முதலில் புரியவில்லை. குடிக்கும் நீரில் துத்தமோ, குளோரினோ அள்ளிப் போட நினைப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

சரியான முறை, பாசியை உயிரோடு முழுதாக மணலில் வடித்தெடுப்பது. நீரில் கரைந்துவிட்ட நஞ்சைப் பக்குவப்படுத்திய கரியில் பிடிப்பது. குளோரின் அதன் பிறகே. இது நீர் வழங்கல் சபை செய்ய வேண்டிய வேலை. நெடுந்தீவிலும் நயினாதீவிலும் உள்ள உவர்நீக்கும் ஆலைகளின் சவ்வு வடிகட்டியில் உப்போடு இந்த நஞ்சும் தங்கிவிடும். வீட்டில் நம்மால் ஆவது, தாங்கியை வெளிச்சம் புகாமல் மூடுவது. வெளிச்சம் இல்லாமல் பாசி இல்லை. கேணிக் கரையில் மாடு கட்டாமல், துணி துவைக்காமல் இருப்பது அடுத்தது. மேலே பச்சை படர்ந்த நீரைப் பிள்ளைகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் கொடுக்காமல், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தெரிவியுங்கள்.

1990 அக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வீட்டோடு கிணறும் அநாதையாயிற்று. திரும்பி வந்த குடும்பங்கள் முதலில் செய்ய நினைப்பது, பாழடைந்த கிணற்றை இயந்திரம் வைத்து ஒரே நாளில் இறைப்பது. மற்ற ஊரில் அது சரி. தீவில் அது கிணற்றையே உப்பாக்கிவிடும். பச்சையை மேலாக வழித்தெடுத்துத் தூரத்தில் புதைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, நாள் விட்டு நாள் இறைக்க வேண்டும். நாக்கில் உவர் தட்டினால் நிறுத்திவிட்டு, மிச்சத்தை மாரி மழைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.