மாச்சட்டியின் குடி

போன வருஷம் நோன்பு தொடங்க ஒன்பது நாள் இருக்கும்போது மாச்சட்டி என் கையிலிருந்து நழுவி உடைந்தது. வலது முழங்காலில் நோவு இருப்பதால், குந்தியிருந்து எழும்ப ஒரு கையைச் சுவரில் ஊன்ற வேண்டும். மற்றக் கையில் சட்டி, விளிம்பெல்லாம் ஈரம். குசினித் தரையில் ஐந்து துண்டாகக் கிடந்தது. நான் அப்படியே சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் நின்றேன்.

உம்மாவிடமிருந்து எனக்கு வந்த சட்டி அது. உம்மாவுக்கு மூத்தம்மாவிடமிருந்து வந்தது. எங்கள் ஊரான சம்மாந்துறையில் வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தான். கலியாணம் முடித்ததும் மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார். வீட்டோடு குசினி வரும், குசினியோடு சட்டி பானை வரும். நாங்கள் எந்தக் குடி என்பதும் தாய்வழியாகவே வரும்.

அப்பத்துக்கு மா கரைக்க மட்டும் என்று ஒதுக்கிய சட்டி. அதில் கறி ஆக்குவதில்லை. சவுக்காரம் காட்டுவதில்லை. வெறும் தண்ணீரில் அலசி வெயிலில் கவிழ்த்து வைப்பதுதான். ஏன் என்று நான் கேட்டதுமில்லை, உம்மா சொன்னதுமில்லை.

அடுத்த நாளே சந்தையில் புதுச்சட்டி ஒன்று வாங்கினேன். அதே பச்சை அரிசி, அதே தேங்காய்த் தண்ணீர், அதே ஒரு சிமிட்டா சீனி. இஷாவுக்குப் பிறகு கரைத்து மூடி வைத்தேன். சுபஹுக்கு எழும்பித் திறந்தால் மா வைத்தபடியே கிடந்தது. மேலே தண்ணீர், கீழே மா. முகர்ந்து பார்த்தேன், அரிசி மணம் மட்டும்.

மகள் கடைக்கு ஓடிப்போய் ஈஸ்ட் பைக்கற் ஒன்று வாங்கி வந்தாள். அரைத் தேக்கரண்டியை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். இரண்டு மணித்தியாலத்தில் மா நுரைத்து விளிம்பைத் தொட்டது. அன்றைக்கு அப்பம் கிடைத்தது. எனக்குள் ஒரு கேள்வியும் வந்து குந்திக்கொண்டது: மாவைப் பொங்க வைப்பது இந்தப் பைக்கற்றில் உள்ளதுதான் என்றால், இத்தனை வருஷமாக அந்தச் சட்டிக்குள் இருந்தது யார்?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வருஷம் அலைந்திருக்கிறேன். அலைந்தேன் என்றால் ஊர் ஊராக அல்ல. உடுப்பைக் காயப்போட்டுவிட்டு ஒரு பக்கம் வாசித்தேன். நெல் காயவைத்துக் காகம் கலைக்கிற நேரத்தில் இன்னொரு பக்கம். நாரி உளைவில் நித்திரை வராத இரவுகளில் கொஞ்சம் கூடுதலாக.

மகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் ஈஸ்டுக்குப் பேர் மதுவம். சொல்லுக்குள்ளேயே மது இருக்கிறது. அதன் விஞ்ஞானப் பெயர் சக்கரோமைசிஸ் செரவிசியே. முதல் பாதிக்குச் சீனிப் பூஞ்சணம் என்று பொருள், பின் பாதி பியரைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பாணைப் பொங்க வைப்பதும் பலவகைப் பியரைப் புளிக்க வைப்பதும் இந்த ஒரே இனம்தான். சீனியைத் தின்று காபனீரொட்சைட்டையும் அற்ககோலையும் விடுகிறது. பாண்காரருக்கு வாயு வேண்டும், பியர் காய்ச்சுபவருக்கு மற்றது வேண்டும்.

வாசித்ததும் மனம் கலங்கியது. நோன்பு திறக்க வைக்கிற அப்பத்துக்கு இப்படி ஒரு உறவா? கிராஅத்தும் ஹதீஸும் படித்த சாச்சியின் மகனிடம் கேட்டேன். அவர் என் கலக்கத்தைச் சிறிதாக்கவில்லை. ‘ராத்தா, நபீத் என்று கேள்விப்பட்டிருக்கீங்களா?’ என்று தொடங்கி நெடுநேரம் இருந்து சொன்னார்.

பேரீச்சம்பழத்தைத் தண்ணீரில் ஊறப்போட்ட பானம் நபீத். ரஸூலுல்லாஹ்வுக்காக அதைத் தோற்பையில் ஊறவைத்ததை ஆயிஷா நாயகி அறிவித்திருக்கிறார். காலையில் ஊறப்போட்டதை இரவில் அருந்துவார்கள், இரவில் போட்டதைக் காலையில். அதாவது வீட்டுக்குள் ஒரு பெண் நேரம் பார்த்துக் காத்த பானம். அப்துல் கைஸ் கோத்திரத்தார் மதீனாவுக்கு வந்தபோது நான்கு வகைப் பாத்திரங்களில் ஊறவைக்க வேண்டாம் என்று தடுக்கப்பட்டது: சுரைக்குடுவை, பச்சை மெருகிட்ட சாடி, குடைந்த ஈச்ச மரக்கட்டை, கீல் பூசிய பாத்திரம். பிறகு பாத்திரத் தடை நீங்கியது, போதை தருவதைக் குடிக்கக் கூடாது என்ற தடை நின்றது. அந்தப் பாத்திரங்களில் பானம் சீக்கிரம் போதைப்பொருளாக மாறிவிடும், மாறியது வெளியே தெரியாது, தோற்பை என்றால் உப்பிக் காட்டிக்கொடுக்கும் என்று உலமாக்கள் விளக்கியிருக்கிறார்கள்.

சுரைக்குடுவையையும் குடைந்த மரத்தையும் கேட்டதும் எனக்கு என் சட்டிதான் கண்ணில் வந்தது. நுண்துளை உள்ள பாத்திரம். எவ்வளவு அலசினாலும் முந்தின தடவையின் மிச்சம் உள்ளே நிற்கும். அவர் சொல்லாத ஒன்றை நானாக எண்ணிக்கொண்டேன்: அந்தப் பாத்திரங்கள் நினைவு உள்ளவை. கலக்கம் அன்றைக்குத் தீர்ந்துவிட்டது. இஷாவுக்கும் சுபஹுக்கும் இடையிலான கணக்கைத்தான் எங்கள் உம்மாமாரும் பிடித்து வந்திருக்கிறார்கள். மா பொங்கும்வரை விட்டு, பொங்கியதும் நெருப்பில் வார்த்துவிடுவது.

ஈஸ்டை முதலில் கண்ணால் கண்டவர் ஹொலாந்தில் துணி வியாபாரம் செய்த லீவன்ஹூக். 1680இல் தான் தேய்த்துச் செய்த வில்லைக்கு அடியில் பியர்த் துளியை வைத்து, சிறு உருண்டைகளைப் பார்த்து எழுதினார். அவற்றுக்கு உயிர் இருக்கிறது என்று சொல்ல இன்னும் ஒன்றரை நூற்றாண்டு சென்றது. 1837ஐ ஒட்டி ஜேர்மனியில் ஷ்வானும் பிரான்சில் கக்னியார் லத்தூரும் அதைச் சொன்னபோது பெரிய இரசாயனவியலாளர்கள் ஏற்கவில்லை. லூயி பாஸ்டர் வந்து நிலைநாட்ட வேண்டியிருந்தது. 1883இல் கோப்பன்ஹேகனில் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தில் எமில் ஹன்சன் ஒற்றைக் கலத்திலிருந்து தூய ஈஸ்டை வளர்த்தெடுத்தார்.

அதற்கு முன் ஐரோப்பாவில் பாண் சுட்டவர்கள் மா பொங்க எங்கே போனார்கள் என்றால், பியர் காய்ச்சுகிற இடத்துக்குத்தான். பீப்பாயின் மேலே மிதக்கும் நுரையை வாங்கி வந்து மாவில் கலந்தார்கள். 1868இல் அமெரிக்காவில் ஃபிளைஷ்மன் சகோதரர்கள் ஈஸ்டை அழுத்திக் கட்டியாக்கி விற்கத் தொடங்கிய பிறகே வீட்டுப் பெண்கள் கடையில் ஈஸ்ட் வாங்கும் காலம் வந்தது. நம் இலங்கையிலும் இரண்டு வழியாக அது ஓடியிருக்கிறது. நுவரெலியாவின் குளிரில் 1840களின் கடைசியில் சாமுவேல் பேக்கர் என்ற ஆங்கிலேயர் பியர் காய்ச்சினார், 1881இல் அங்கே பெரிய பியர் ஆலையே எழுந்தது. கரையோரத்தில் தென்னங்கள்ளு. பாளையிலிருந்து முட்டியில் இறங்கும்போதே புளிக்கத் தொடங்கிவிடும். தெற்கிலும் மேற்கிலும் அப்பக்காரர்கள் மாவுக்கு அந்தக் கள்ளைத்தான் விட்டார்கள். எங்கள் வீட்டில் கள்ளு நுழைந்ததில்லை. பைக்கற்றும் நேற்று வந்தது. அப்போது எங்கள் மா எப்படிப் பொங்கியது என்ற கேள்வி இன்னும் அப்படியே நின்றது.

தமிழ் படிப்பிக்கும் என் தம்பிதான் பெரும்பாணாற்றுப்படையை எடுத்துக்கொண்டு வந்தான். கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன் மேல் பாடியது. காஞ்சிக்குப் போகும் வழியில் பாணன் எந்த வீட்டில் என்ன சாப்பிடலாம் என்று ஒவ்வொரு குடிக்கும் சொல்லிக்கொண்டு போகிறது. அதில் வலைஞர் வீட்டில் அரிசிக் கள்ளு செய்யும் முறை இருக்கிறது. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவ வேண்டும். வாயகன்ற தட்டில் கொட்டி ஆறவிட வேண்டும். நெல்முளையை இடித்துச் சேர்க்க வேண்டும் என்று உரைகாரர்கள் விளக்குகிறார்கள். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய, உறுதியான வாயுள்ள சாடியில் விளைந்ததை விரலால் அலைத்துப் பிழிய வேண்டும்.

தம்பி வாசிக்க வாசிக்க நான் அரிசி கொழிப்பதை நிறுத்திவிட்டேன். முளைத்த தானியத்தை இடித்துச் சேர்ப்பது என்றால், அது பியர் செய்யும் முறைதானே. அவர்களுக்கு வாற்கோதுமை, இவர்களுக்கு நெல். முளைவிடும் தானியம் தன் மாப்பொருளைத் தானே சீனியாக்குகிறது, அந்தச் சீனியைத்தான் மதுவம் தின்கிறது. எனக்கு இதைப் புத்தகம் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளாமைக்கு விதைநெல்லை ஊறப்போட்டு வாப்பா சாக்கில் கட்டி வைப்பார். இரண்டாம் நாள் சாக்குக்குள் கையை விட்டால் சூடு. முளை வெள்ளையாக ஊசிமுனைபோல நிற்கும். ஒன்றை எடுத்து மென்றால் இனிக்கும். சின்ன வயதில் வாப்பா பாராத நேரம் பார்த்து மென்றிருக்கிறேன்.

பாட்டில் பிழிந்த கை யாருடையது என்று சொல்லவில்லை. நான் அதைப் பெண்ணின் கையாகத்தான் காண்கிறேன். சுமேரியர் பியருக்குப் பெண் தெய்வத்தையே, நின்காசியை, வைத்திருந்தார்கள். ஹமுராபியின் சட்டத்தில் பியர் விற்கும் பெண்களுக்கென்று தனி விதிகள் உண்டு. குசினியில் விளைந்ததெல்லாம் பெண்களின் வேலையாக இருந்த காலம் அது.

பெண்களின் வேலை எலும்பிலும் தடம் விட்டிருக்கிறது. சிரியாவில் அபு ஹுரைரா என்று ஒரு பழைய குடியிருப்பு. 1972, 1973இல் தோண்டினார்கள், பின்னர் அணைக்கட்டு நீருக்குள் போய்விட்டது. அங்கே எடுத்த எலும்புகளைத் தேயா மொலிசன் என்ற பெண் ஆய்வாளர் லண்டனில் வைத்து வாசித்தார். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் நசிவு. முழங்காலில் எலும்பு தடித்திருந்தது. கால் பெருவிரல் மூட்டு தேய்ந்திருந்தது. பெரும்பாலும் பெண்கள். முழங்காலில் நின்று, பெருவிரலை மடக்கி ஊன்றி, நாள் முழுதும் கல்லில் தானியம் அரைத்ததால் வந்த தேய்வு என்றார். இதை வாசித்த இரவு முழங்காலுக்குச் சித்தாலேப பூசிக்கொண்டிருந்தேன். என் பெருவிரலைத் தொட்டுப் பார்த்தேன். உரலில் இடித்த உம்மாவின் நாரியும், திருவலையில் ஒருக்களித்து இருந்து இருந்தே வளைந்த மூத்தம்மாவின் இடுப்பும் ஞாபகம் வந்தன. இடிப்பதற்கும் அரைப்பதற்கும் துருவுவதற்கும் உடம்பு வேண்டும். இந்த வேலைகள் எல்லாவற்றுக்கும் நடுவே பெண் படுக்கப் போன பிறகு அவளுக்காக வேலை செய்த ஒரே ஒரு கை உண்டு என்றால், அது சட்டிக்குள் இருந்ததுதான்.

விடை நோர்வேயிலிருந்து வந்தது. அங்கே பண்ணை வீடுகளில் பியர் காய்ச்சுகிறவர்கள் தங்கள் ஈஸ்டைக் குவெய்க் என்பார்கள். வெட்டு வெட்டாகச் செதுக்கிய மரக்கட்டையையோ மரத்துண்டுகளால் கோத்த வளையத்தையோ புளிக்கும் பியருக்குள் தோய்த்து எடுத்துக் காயத் தொங்கவிடுவார்கள். அடுத்த முறை அதை எடுத்துப் புதுப் பானத்தில் போடுவார்கள். காய்ந்த கட்டைக்குள் ஈஸ்ட் மாதக்கணக்கில் உயிரோடு உறங்குமாம்.

உடைந்த சட்டித் துண்டுகளை நான் எறியவில்லை. மனம் வரவில்லை. குசினி இறப்பில் சொருகி வைத்திருந்தேன். ஒரு வியாழக்கிழமை இஷாவுக்குப் பிறகு மாவைக் கரைத்து, கொதிநீர் ஊற்றி அலசிய இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் பாதி பாதியாக ஊற்றினேன். ஒன்றில் சட்டித் துண்டு ஒன்றைப் போட்டேன். மற்றதில் அதே அளவு ஓட்டுத்துண்டைக் கொதிக்கவைத்துப் போட்டேன். துணியால் மூடிவிட்டுப் படுத்தேன். நித்திரை எங்கே வந்தது?

சுபஹுக்கு முன்னமே எழும்பிவிட்டேன். ஓட்டுத்துண்டு போட்டதில் மா அமைதியாகக் கிடந்தது. சட்டித் துண்டைச் சுற்றி ஊசித்துளை போலக் குமிழிகள். காதை வைத்தால் மெல்லிய பொரியல் சத்தம். பொங்கி விளிம்பைத் தொடவில்லை. அஸர் மட்டும் விட்டேன். அப்போது தொட்டது. மணம் உம்மாவின் குசினி மணம், லேசான புளிப்பும் கொஞ்சம் பழ வாடையும். இன்னும் இரண்டு தடவை செய்து பார்த்தேன். அப்படியேதான்.

ராத்தாவின் மகள் எங்கள் ஊரில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்தில் படிக்கிறாள். ஒரு துளி எடுத்துப் போய் நுணுக்குக்காட்டியில் வைத்துப் போனில் படம் பிடித்து வந்தாள். முட்டை வடிவில் உருண்டைகள், இடையிடையே கோல்போலப் பற்றீரியாக்கள். ஒரு உருண்டையின் தோளில் இன்னொரு சின்ன உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. ‘இது என்ன மகள்?’ என்றேன். ‘அது தாய், இது பிள்ளை, சாச்சி. மதுவம் இப்படித்தான் அரும்பும்’ என்றாள். படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அந்த மாவில் ஒரு கரண்டியைப் புதுச்சட்டிக்கு ஊற்றினேன். அடுத்த கிழமை அதில் கரைத்ததற்குத் துண்டு தேவைப்படவில்லை. ஆறு கிழமைக்குள் சட்டி தானாகவே பொங்க வைக்கத் தொடங்கிவிட்டது. சவுக்காரத்தை மகள் கையில் எடுத்த ஒரு நாள் நான் அவளைக் கூப்பிட்டு, பக்கத்தில் இருத்தி, ஏன் கூடாது என்று முழுவதையும் சொன்னேன்.

தை மாதம் அவளுக்குக் கலியாணம். மற்ற நான்கு துண்டுகளையும் வெள்ளைத் துணியில் தனித்தனியாகச் சுற்றி வைத்திருக்கிறேன். ஒன்று அவளுக்கு. ஒன்று டோஹாவில் இருக்கும் மூத்தவளுக்கு, அடுத்த மாதம் போகிற ஒருவர் கொண்டு போகச் சம்மதித்திருக்கிறார்.