எதிர்காற்றில் அலுவலகம்

புயல் எச்சரிக்கை வந்தால் போட்டிகளைத் தள்ளிவைப்பதுதான் வழக்கம். நெதர்லாந்தின் தென்மேற்கு மூலையில் நடக்கும் ஒரு போட்டிக்கு மட்டும் புயல் வருகிறது என்றால்தான் தேதியே குறிப்பார்கள். எதிர்காற்றில் சைக்கிள் ஓட்டும் தேசியப் போட்டி அது. 2013இல் தொடங்கியது. கடல் பொங்கி ஊருக்குள் புகாமல் தடுக்கக் கட்டிய ஓஸ்டர்ஸ்கெல்டெ தடுப்பணையின் மேல், எட்டரைக் கிலோமீட்டர் தூரம், காற்றுக்கு முகம் கொடுத்து மிதிக்க வேண்டும். கியர் கிடையாது. நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் சாதாரண வீட்டுச் சைக்கிளை எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுத்துவிடுவார்கள். காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தையாவது எட்டியிருக்க வேண்டும். கலந்துகொள்கிறவர்களுக்குச் சில நாள் முன்னால்தான் தகவல் வரும்.

வேடிக்கைக்கு நடத்துகிறார்கள் என்று தோன்றும். அக்டோபர் பிறந்ததும் அந்த நாட்டில் சைக்கிளில் வேலைக்குப் போகிற லட்சக்கணக்கானோர், கோப்பையும் கைதட்டலும் இல்லாமல் அன்றாடம் ஆடுகிற ஆட்டம்தான் அது.

உத்ரெக்ட் நகரத்தை எடுத்துக்கொள்ளலாம். நாட்டின் நடுவில், ரயில் பாதைகள் எல்லாம் வந்து கூடும் சந்திப்பு. நகரத்துக்கு மேற்கே லைட்ஸ ரைன் என்ற புதிய குடியிருப்புப் பகுதி இருக்கிறது. அங்கிருந்து நகர மையத்துக்குப் போகும் சைக்கிள்காரர்களுக்காக 2017இல் ஒரு பாலம் திறந்தார்கள். உத்ரெக்டில் பிறந்த ஓட்டப்பந்தய வீராங்கனை டாஃப்னெ ஸ்கிப்பர்ஸின் பெயர் அதற்கு. ஒரு பள்ளிக்கூடத்தின் கூரை மேலேயே வளைந்து ஏறி, அகலமான கால்வாயைக் கடந்து போகிறது. ஜூன் மாதத்தில் அதன் உச்சியில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். அக்டோபரில் அங்கே நிற்க யாருக்கும் மனம் வராது. மரமோ கட்டடமோ மறைக்காத அந்த உயரத்தில், பக்கவாட்டில் வரும் காற்று ஹேண்டில்பாரை ஒரு சாண் திருப்பிவிட்டுத்தான் போகும்.

அந்த ஊரில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். மேற்கே வீடு, கிழக்கே ரயில் நிலையம் என்றிருப்பவருக்குக் காலையில் முதுகைத் தள்ளிவிடுகிற காற்று, மாலையில் நெஞ்சில் கைவைத்து நிறுத்தும். களைத்துத் திரும்பும் நேரத்தில்தானா என்று நொந்துகொள்ளாதவர் இல்லை. இதில் கணக்கும் கொஞ்சம் இரக்கமில்லாதது. காற்றே இல்லாத நாளில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர், அதே வேகத்தில் எதிர்காற்று அடிக்கும்போதும் தன் வேகத்தைக் குறைக்காமல் போனால், அவர் மேல் படும் தடை இரட்டிப்பாவதோடு நிற்காது, நான்கு மடங்காகிவிடும். அதனால் பழகியவர்கள் காற்றோடு மல்லுக்கு நிற்பதில்லை. தலையைத் தாழ்த்தி, மெதுவாக மிதித்து, ஐந்து நிமிடம் தாமதமாக வீடு சேர்கிறார்கள். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் பேட்டரி சைக்கிள் வாங்கிக்கொள்கிறார்கள். அங்கே விற்கும் புதிய சைக்கிள்களில் இப்போது ஏறக்குறைய பாதி அந்த வகைதான்.

மழை? வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது இதைத்தான். மழைக்குத் தயங்குகிற பிள்ளையிடம், நீ என்ன சர்க்கரையா கரைந்துபோக என்று கேட்பது அங்கே பெற்றோர்களின் வழக்கம். இந்த வீரப்பேச்சை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அதைச் சொன்ன அப்பாவும் அம்மாவும் கிளம்பும் முன் போனில் பார்ப்பது மழை ராடாரைத்தான். அடுத்த இரண்டு மணி நேரத்தில் தங்கள் தெருவில் எப்போது தூறும், எப்போது விடும் என்று கோடு போட்டுக் காட்டும் செயலி அது. பத்து நிமிடம் பொறுத்தால் வெறிக்கும் என்று தெரிந்தால் இன்னொரு வாய் காபி குடித்துவிட்டுக் கிளம்புகிறார்கள்.

அந்த நாட்டின் வானிலை ஆய்வு மையம் இருப்பது உத்ரெக்டை ஒட்டியுள்ள டெ பில்ட்டில். அங்கே ஆண்டு முழுவதும் சேர்த்துப் பெய்யும் மழை சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவு. சென்னைக்கு நவம்பர் ஒரு மாதத்திலேயே சராசரியாக 350 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டிவிடும். ஐப்பசி அடைமழையில், முழங்கால் தண்ணீரில் வண்டியை உருட்டிக்கொண்டு போனவருக்கு அங்கே பெய்வது மழைக் கணக்கிலேயே சேராது. எந்நேரமும் நசநசவென்று தூறுவதுபோல் தோன்றினாலும், ஆண்டின் மொத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட மழை நேரம் இல்லை. தொல்லை குளிரோடு சேர்ந்து நனைவதில் இருக்கிறது. டெ பில்ட்டின் சராசரி வெப்பநிலை அக்டோபரில் 11 டிகிரி, நவம்பரில் 7 டிகிரி. நனைந்த கால்சட்டையோடு அந்தக் குளிரில் இருபது நிமிடம் போனால் மழை எவ்வளவு பெய்தது என்பதெல்லாம் அப்புறம்.

உடுப்பு விஷயத்தில் புதிதாக வந்தவரைச் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். ஸ்வெட்டர், அதன் மேல் பஞ்சடைத்த கோட்டு, அதன் மேல் மழைக்கோட்டு என்று போர்த்திக்கொண்டு, அலுவலகம் சேரும்போது உள்ளே வியர்த்து வழிய நிற்பவர் அவர். வெளியே நனைந்ததைவிட உள்ளே நனைந்தது அதிகமாக இருக்கும். ஊர்க்காரர்கள் வாசலில் நிற்கும்போது லேசாகக் குளிரும்படிதான் உடுத்துகிறார்கள்; இரண்டு தெரு தாண்டியதும் உடம்பு தானே சூடேறிவிடும். கையுறையில் மட்டும் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. விரல் விறைத்தால் பிரேக்கும் பிடிக்க முடியாது, மணியும் அடிக்க முடியாது. உடம்பை முழுக்க மூடும் தொளதொளப்பான மழைப்போர்வையும் கடைகளில் கிடைக்கும். தொடை நனையாமல் காக்கும் என்பது உண்மை. எதிர்காற்று வந்தால் அதுவே பாய்மரம்.

காற்றையும் மழையையும் பற்றிப் புலம்பும் அளவுக்கு இருட்டைப் பற்றி யாரும் புலம்புவதில்லை. ஆனால் இந்தப் பருவத்தில் உண்மையான ஆபத்து அதுதான். அக்டோபர் மூன்றாவது வாரத்தில் உத்ரெக்டில் சூரியன் உதிக்கவே காலை எட்டு மணியைத் தாண்டிவிடும். ஏழரைக்குக் கிளம்புகிறவர் இருட்டில்தான் போக வேண்டும். அந்த மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்புவார்கள். காலை சற்று வெளுக்கும். அதற்கு விலையாக மாலை பறிபோகும். அடுத்த நாள் ஐந்தரைக்கு அலுவலகத்தை விட்டு வெளியே வந்தால் சூரியன் அடைந்திருக்கும். இருட்டிலோ, கண் சரியாகத் தெரியாத மழை மூட்டத்திலோ, முன்னே வெள்ளை அல்லது மஞ்சள் விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் எரிய வேண்டும் என்பது சட்டம். சட்டையிலோ பையிலோ மாட்டிக்கொள்ளும் சின்ன விளக்கும் செல்லும். மினுக்கும் விளக்கு செல்லாது. பண்டிகைக் காலத்து மின்விளக்குபோல் மினுக்கிக்கொண்டு போனால், வருகிற சைக்கிள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எதிரே வருபவரால் கணிக்க முடியாது.

இத்தனையையும் தாங்குகிற வண்டியைப் பார்த்தால், நம் ஊர்ப் பெரியவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். கறுப்புச் சட்டம், நிமிர்ந்த ஹேண்டில்பார், அகலமான மட்கார்டு, சங்கிலியை முழுசாக மூடிய செயின் கவர், கனமான கேரியர். 1949இல் நிறுவிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள் தொழிற்சாலையிலிருந்து வந்த ஹெர்குலிஸுக்குப் பெரியப்பா மகன் என்று சொல்லலாம். அங்கே 1892இல் தொடங்கிய கஸெல்லெ நிறுவனம் இன்றும் அந்த உருவத்தில் வண்டி விற்கிறது. நாகரிகம் கருதி யாரும் அதை வாங்குவதில்லை. செயின் கவர் இருந்தால் மழை நீர் சங்கிலியில் படாது, துருவும் பிடிக்காது, அலுவலகத்துக்குப் போட்டுப் போகும் கால்சட்டையில் எண்ணெயும் ஒட்டாது.

பிரேக்கில்தான் சூட்சுமம். ரிம்மைக் கவ்வும் பிரேக் கட்டைகள் மழையில் முதலில் தண்ணீரைத் துடைக்க வேண்டும், பிறகுதான் பிடிக்கும். அந்த ஒரு நொடித் தாமதத்தில் சைக்கிள் சில மீட்டர் ஓடிவிடும். நெதர்லாந்தின் பழைய பாணிச் சைக்கிள்களில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக் பிடிக்கும். அதன் உறுப்புகள் பின்சக்கரத்தின் ஹப்புக்குள் இருப்பதால் மழைக்கும் சேற்றுக்கும் அங்கே வேலையில்லை. விளக்குக்கான டைனமோவும் பல வண்டிகளில் முன்சக்கரத்தின் ஹப்புக்குள் போய்விட்டது. டயரில் உரசிக்கொண்டு, மழை பெய்தால் வழுக்கி, விளக்கை அணைத்துவிடும் பழைய டைனமோவின் தொல்லை இதில் இல்லை.

வண்டி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இலை வாரிவிட்டுவிடும். உதிர்ந்த புதிதில் இலை மொறுமொறுவென்று இருக்கும்; அதன் மேல் ஓட்டுவது இன்பம். இரண்டு நாள் மழை விழுந்து, ஆயிரம் டயர் ஏறி அரைத்தபின் அது பழுப்பு நிறக் கூழாகிவிடும். திருப்பத்தில் சைக்கிளைச் சாய்க்கும்போது அந்தக் கூழ் டயருக்கும் தரைக்கும் நடுவில் இருந்தால், முன்சக்கரம் தனியாகப் போகும், ஆள் தனியாகப் போவார். நடைபாதைக் கல்லின் விளிம்பையும் இலை மூடி மறைத்துவிடும். செங்கல் பாவிய பழைய தெருக்கள், சாலையில் அடித்த வெள்ளைப் பெயின்ட் கோடுகள், ஆம்ஸ்டர்டாம் என்றால் டிராம் தண்டவாளம், எல்லாம் ஈரத்தில் இதே வேலையைச் செய்யும். தண்டவாளத்தைக் குறுக்கே வெட்டிக் கடக்க வேண்டும், ஒட்டியே போனால் சக்கரம் அதன் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும் என்பது அந்த ஊர்ப் பிள்ளைகளின் பாலபாடம்.

சைக்கிள் பாதைக்கென்றே செய்த சிறிய வண்டிகள், உருளைத் துடைப்பம் சுழல, இலையை வாரிக்கொண்டு போவதை அந்த மாதங்களில் பார்க்கலாம். முதல் உறைபனி விழுந்ததும் இலை வண்டிகள் போய் உப்பு வண்டிகள் வரும். காருக்கான சாலையில் கனமான டயர்கள் உப்பை நசுக்கிப் பனியோடு கலந்துவிடும். சைக்கிளுக்கு அந்தக் கனம் கிடையாது. ஆகவே சைக்கிள் பாதையில் முதலில் பனியைத் துடைத்துவிட்டு, உப்புநீரைத் தெளிக்கும் முறையைப் பல நகரசபைகள் கையாள்கின்றன. நெதர்லாந்துக்காரர்கள் குளிரிலும் மழையிலும் ஓட்டுகிறார்களே, என்ன நெஞ்சுரம் என்று வியப்பவர்கள் இந்த உப்பு வண்டியைப் பார்ப்பதில்லை. பாதையைப் பராமரிக்காத ஊரில் அதே ஆளை விட்டால், இரண்டாவது வாரமே கார் கடன் விசாரிக்கப் போய்விடுவார்.

இந்த ஏற்பாடு ஒன்றும் தொன்றுதொட்டு வந்ததில்லை. 1971இல் அந்தச் சிறிய நாட்டின் சாலைகளில் 3,000 பேருக்கு மேல் செத்தார்கள். அதில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். குழந்தைகளைக் கொல்வதை நிறுத்து என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் கிளம்பித் தெருவை மறித்தது. பிறகு 1973 அக்டோபரில் அரபு நாடுகள் நெதர்லாந்துக்கு எண்ணெய் கொடுப்பதை நிறுத்தின. நவம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை, கார் ஓட்டத் தடை. வெறிச்சோடிய நெடுஞ்சாலைகளில் ஜனங்கள் சைக்கிளில் திரிந்தார்கள், பிள்ளைகள் உருள்சறுக்கு விளையாடினார்கள். அந்த நவம்பர் குளிரில்தான் பலருக்கு, தெரு இப்படியும் இருக்கலாமே என்று தோன்றியது. அதே ஆண்டுகளில் உத்ரெக்ட் நகரம் தன் பழைய அகழியின் ஒரு பகுதியில் தண்ணீரை வற்றவைத்து, கார்களுக்கு அகலச் சாலை போட்டிருந்தது. அதைப் பெயர்த்துவிட்டு அகழியில் மறுபடி தண்ணீர் விட்டது 2020இல். ஒரு தப்பைத் திருத்த நாற்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவும் முடியாது. 2023இல் அங்கே சாலை விபத்தில் இறந்தவர்கள் 684 பேர். அவர்களில் 270 பேர் சைக்கிள் ஓட்டியவர்கள். காரில் போனவர்களைவிட இவர்கள் அதிகம். இதில் முதியவர்களின் பங்கு பெரிது. பேட்டரி சைக்கிள் எழுபது வயதுக்காரருக்கும் வேகம் கொடுத்துவிடுகிறது. எலும்பின் வயதை அதனால் குறைக்க முடிவதில்லை. இருந்தும் தலைக்கவசம் போடுகிறவர்கள் மிகக் குறைவு. மற்ற எல்லாவற்றிலும் இத்தனை கணக்குப் பார்க்கிற ஜனம் இதில் மட்டும் காட்டும் அசட்டைக்கு நியாயம் இருப்பதாகத் தெரியவில்லை.

உத்ரெக்ட் ரயில் நிலையத்துக்கு அடியில், மூன்று தளங்களில், 12,500 சைக்கிள்களை நிறுத்தலாம். 2019இல் முழுதாகத் திறந்தபோது உலகத்திலேயே பெரிய சைக்கிள் நிறுத்துமிடம் அதுதான். இறங்கித் தள்ள வேண்டியதில்லை. மிதித்துக்கொண்டே உள்ளே போய், எந்த வரிசையில் இடம் காலி என்று காட்டும் பலகையைப் பார்த்துத் திரும்பலாம். முதல் 24 மணி நேரம் காசு கிடையாது. மழை நாளில் அங்கே நுழைந்தால் ஈர ரப்பர் வாடையும், கோட்டிலிருந்து சொட்டும் தண்ணீரும், பூட்டுகள் விழும் சத்தமும்தான். இரண்டு நிமிடத்தில் ஆள் ரயில் மேடைக்குப் போய்விடுவார். வேலைக்குச் சைக்கிளில் வருகிற ஊழியருக்குக் கிலோமீட்டருக்கு 23 சென்ட் வரை முதலாளி வரியில்லாமல் கொடுக்கலாம் என்பது 2024 முதல் உள்ள விதி. எதிர்காற்றுக்கென்று தனிப் படி ஏதும் கிடையாது.

செப்டம்பரில் டெல்ஃப்ட்டுக்கும் ஐண்ட்ஹோவனுக்கும் படிக்கப் போகிற பிள்ளைகள் தமிழ்நாட்டிலிருந்தும் இருக்கிறார்கள். போய் இறங்கும்போது வெயில் இருக்கும், பகல் நீளமாக இருக்கும், எல்லாம் சுலபமாகத் தெரியும். அந்த நாள்களிலேயே ஓட்டிப் பழகிவிடுங்கள். பழைய சைக்கிள் வாங்க யோசனையாக இருந்தால் மாத வாடகைக்கு எடுக்கலாம். முன்சக்கரத்தில் நீல டயர் போட்ட வண்டிகள் எல்லாம் டெல்ஃப்ட்டில் 2014இல் தொடங்கிய ஒரு வாடகை நிறுவனத்தினுடையவை, பழுதானால் அவர்களே சரிசெய்து கொடுப்பார்கள். பெரிய கோட்டு பிறகு வாங்கிக்கொள்ளலாம். முன்விளக்கு, பின்விளக்கு, கையுறை மூன்றையும் அக்டோபர் கடைசி ஞாயிறுக்குள் வாங்கிவிடுங்கள். குளிர் வந்தால் பஸ்ஸில் போய்க்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். அந்த ஊர் மாணவர்களுக்குக் கிடைக்கும் இலவசப் பயண அட்டை, நம் ஊரிலிருந்து போகிற மாணவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கிடையாது.