டிஸ்ப்ளே போனா என்ன... சவுண்ட் வருதா?

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குள் நுழைந்த பத்தாவது அடியிலேயே, "இன்னா வேணும் தம்பி... லேப்டாப்பா, கேமராவா?" என்று குரல் வந்து விழும். நாங்கள் வாங்கப் போகவில்லை பாஸ். மூன்று பழைய லேப்டாப்பை முதுகில் சுமந்துகொண்டு, உயிர் கொடுக்கப் போனோம்!

எங்கள் டிபார்ட்மென்ட்டில் சீனியர்களும் வாத்தியார்களும் கொடுத்த மெஷின்கள் அவை. ஒன்று, பார்வையில்லாத எங்கள் ஜூனியருக்கு. தமிழ் இலக்கியம் செகண்ட் இயர். செமஸ்டருக்குப் பத்தே நாள். அவனையும் அழைத்துப் போனோம். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கி, என் முழங்கையைப் பிடித்தபடி நடந்தான். தெருமுனை தாண்டியதும், "அண்ணா, சால்டரிங் வாசனை வருது, வந்தாச்சா?" என்றான்.

மாடிப்படிக்கு அடியில் ஒரு மேஜை, ஒரு லென்ஸ் விளக்கு, டப்பா டப்பாவாக ஸ்க்ரூ. அதுதான் கடை. மெக்கானிக் அண்ணன் முதல் லேப்டாப்பைத் திறந்ததுமே எங்களைத் திட்டினார். "பேட்டரி உப்பிக்கிச்சு. இத்த பேக்ல போட்டு அமுக்கிக்கினா வந்தீங்க? தீப்பிடிச்சிருந்தா?" அடுத்த திட்டு ஹார்ட் டிஸ்க்குக்கு. கொடுத்தவரின் குடும்ப போட்டோவெல்லாம் அப்படியே இருந்தது. சும்மா டிலீட் செய்தால் ஃபைல் போய்விடாது, அது இருக்கும் இடத்தின் குறிப்புதான் போகும். மேலே வேறு டேட்டா எழுதி அழிக்கணும். தானம் கொடுப்பவர்களே, கவனிக்க!

ஜூனியருக்கென்று நாங்கள் ஒதுக்கியது இருப்பதிலேயே பளபளப்பானது. கீறல் இல்லாத ஸ்க்ரீன். அவன் விரல் கீபோர்டில் ஓடி நின்றது. "அண்ணா, எஃப்லயும் ஜேலயும் மேடு இல்லையே?" அந்தக் குட்டிக் கோடுகளை வைத்துத்தான் அவன் கை இடம் பிடிக்கும். தேய்ந்து போயிருந்தது. நாங்கள் ஒருநாளும் பார்த்ததேயில்லை. ஸ்பீக்கரும் கரகர. ஹெட்போன் மாட்டினால் ஒரு காதில் மட்டும் சத்தம்.

"அந்த மூணாவது என்னது?" என்றான்.

அது டிஸ்ப்ளே உடைந்தது. பார்ட்ஸுக்குத் தள்ளிவிடலாம் என்று எடுத்து வந்தோம். ஆனால் உள்ளே எட்டாம் தலைமுறை ஐ5, விண்டோஸ் 11 ஏறும். (விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு சப்போர்ட் முடிந்துவிட்டது.) சவுண்ட் கணீர். எஃப், ஜே மேடு இரண்டும் பத்திரம். "இதுவே போதும்ணா. ஸ்க்ரீனுக்கு வெச்ச காசுல வேற ஏதாச்சும் போடுங்க."

பேச்சே வரவில்லை எங்களுக்கு. எங்கள் கண்ணுக்கு அழகாய் இருந்ததை அவனுக்குக் கொடுத்துவிட்டு, பெருமையாய் போட்டோ எடுத்திருப்போம்!

அண்ணன் ஹெச்டிஎம்ஐ வயரில் தன் மானிட்டரை மாட்டினார். பழைய ஹார்ட் டிஸ்க் போய் எஸ்எஸ்டி வந்தது. தூசி தட்டி, புது தெர்மல் பேஸ்ட். கடைசியில் என்விடிஏ இறக்கினோம். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் இலவச சாஃப்ட்வேர். 2006-ல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்க, ஜேம்ஸ் டே கூட்டு சேர்ந்தார். இருவருமே பார்வையற்றவர்கள். கூடவே வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் படிக்கும், கொஞ்சம் ரோபோ தமிழ்! அவன் வேகத்தைக் கூட்டக் கூட்ட எங்களுக்கு 'கிர்ர்ர்' என்று மட்டும் கேட்டது. அவன் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

லேபர் சார்ஜ் கேட்டோம். "டீ வாங்கிக் குடு" என்றார் அண்ணன்.

ஹாஸ்டலுக்கு வந்து நோட்ஸைத் திறந்தால், மெஷின் வாயே திறக்கவில்லை. அத்தனையும் ஜெராக்ஸை செல்போனில் எடுத்த போட்டோ. அதுவும் கையெழுத்து! படமாய் இருப்பதை அது எப்படிப் படிக்கும்?

அன்று ராத்திரி மூன்று பேர் யூனிட் யூனிட்டாகப் பிரித்து டைப் அடிக்க உட்கார்ந்தோம். அவன் ஹெட்போனோடு ப்ரூஃப் பார்த்தான். "அண்ணா, யார் அது... 'பழம்' வர வேண்டிய இடத்துல 'பலம்' போட்டது?"

நான்தான்.