வெப்சைட்டுக்கு ஆள் தேடும் நெசவாளிக்கு

உத்திரமேரூர்ப் பக்கம் இப்போது தறி கற்க வரும் பிள்ளைகள் கரையையும் உடலையும் தனித்தனி நாடாவில் நெய்து இணைக்கும் கோர்வையைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே வெப்சைட்டைப் பற்றிக் கேட்கிறார்கள். "அண்ணா, சைட்டுக்கு யாரைப் பிடிச்சீங்க? எவ்வளவு வாங்கினாங்க?" கேட்பதில் தப்பே இல்லை. சேலையை மடித்து மஞ்சப்பையில் வைத்து, மாகறல் வழியாகக் காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறி, கடைக்காரர் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பிய காலத்தில் வளர்ந்தவன் நான். நெய்தவரிடமிருந்து கட்டுகிறவர் கைக்கு நேராகச் சேலை போவது எங்கள் தொழிலுக்கு வாய்த்த நல்ல காலம் என்றே நினைக்கிறேன். அதனால் எனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன்.

எங்கள் சைட் பழையது. சென்னையில் ஒரு நிறுவனம் செய்து கொடுத்தது. திறந்ததும் தாமரை விரியும், வீணை ஒலிக்கும். பார்த்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். 2018 ஜூலையில் இருந்து குரோமில் திறந்தால் முகவரிக்குப் பக்கத்தில் 'பாதுகாப்பற்றது' என்று எழுத்து வந்தது. தாமரை ஃபிளாஷில் செய்தது. 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு ஃபிளாஷையே நிறுத்திவிட்டார்கள். பூ இருந்த இடம் வெறும் கட்டமாக நின்றது. கொரோனாவால் கல்யாணங்கள் சுருங்கி, வீடு தேடி வாங்க வருபவர் நின்றுபோன நேரம் அது. சைட் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்கிற நாளில்தான் சைட் இல்லாமல் போனது.

சரி செய்ய ஆள் தேடியபோதுதான் பெரிய சிக்கல் தெரிந்தது. எங்கள் கடைப் பெயரில் இருக்கும் டொமைன், அதாவது இணைய முகவரி, அந்த நிறுவனத்தின் மின்னஞ்சலில், அவர்கள் பெயரில் பதிவாகி இருந்தது. பாஸ்வேர்டு எங்களிடம் இல்லை. அவர்கள் போனை எடுக்கவும் இல்லை. நேரில் போய்ப் போய் நின்று, டொமைனுக்குப் போட்டிருந்த பூட்டை எடுக்கச் செய்து, அதை மாற்றுவதற்கான குறியீட்டை வாங்கி, முகவரியை எங்கள் பெயருக்குக் கொண்டுவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. டாட் காம் முகவரியைப் புதுப்பிக்க ஆண்டுக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகும். பெரிய செலவு கிடையாது. ஆனால் கெடு தாண்டிப் பதிவு நீக்கப்பட்டால், மீட்பதற்கு 30 நாள் அவகாசம்தான். அதற்கு அபராதம் தனி. அதையும் விட்டால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் உங்கள் கடைப் பெயரை வாங்கிக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டியவை. குடத்தில் ஓலை போட்டு ஊர் வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலைக்கு யார் பெயரை எழுதலாம், யார் பெயரை எழுதக் கூடாது என்று வரிவரியாகச் சொல்கின்றன. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரை எழுதக் கூடாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக் கூடாது. சைட் வேலைக்கு வருபவரிடம் நான் முதலில் பார்ப்பதும் இதைத்தான். எல்லாப் பாஸ்வேர்டும் எங்கள் மின்னஞ்சலில் இருக்கும், வேலை முடிந்ததும் என்ன செய்தார் என்று எழுதிக் கொடுப்பார் என்றால் மேலே பேசலாம். தயங்கினால் அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேண்டாம்.

ஆட்கள் பலவிதம். பெரிய நிறுவனங்கள் அனுப்பிய மதிப்பீட்டுத் தொகையில் பாவு, ஊடை, சரிகை எல்லாம் வாங்கித் தறியை ஓட்டலாம். டிடிபி கடைத் தம்பி ஆசையாகத்தான் வந்தான். பழைய சைட்டை நகல் எடுத்து வைக்காமலே கை வைக்கப் பார்த்தான், நிறுத்திவிட்டேன். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரப் பையன் இலவசமாகச் செய்கிறேன் என்றான். அவன் மனசு தங்கம், ஆனால் அவனுக்கு நேரம் கிடைப்பது தீபாவளி விடுமுறையில்தான். நமக்கோ ஆடித் தள்ளுபடிக்கு முன்பே விலைப்பட்டியல் மாற வேண்டும்.

கடைசியில் கிடைத்தவர் பெருநகர்ப் பக்கத்துப் பெண். காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் படித்தவர், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். சம்பளம் பேசுவதற்கு முன்பு, "தறியைப் பார்க்கலாமா ஐயா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. ஒரு காலைப் பொழுது முழுக்கக் குழித்தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நாடா போவதையும், மறுபக்கம் கோர்வைக்கு உட்கார்ந்த பையன் கரை நாடாவை வாங்கிக் கொடுப்பதையும் பார்த்தார். "இதை வாங்குறவங்க போன்லதான் பார்ப்பாங்க, இல்லையா?" என்றார். ஆமாம், போனில்தான். அதுவும் சிக்னல் விட்டு விட்டு வரும் இடத்தில்.

முழு வேலையையும் உடனே ஒப்படைக்கவில்லை. போன் எண்ணை மாற்றுவது, பத்துப் படங்களைச் சுருக்கிப் போடுவது, இவ்வளவுதான் முதலில் கொடுத்தது. போனில் எடுக்கும் படம் ஒவ்வொன்றும் நாலைந்து எம்பி இருக்கும். அதை 200 கேபிக்குள் கொண்டுவந்தும் சரிகையின் மினுக்கம் மங்கக் கூடாது. அவர் சுருக்கிய படங்களை ஒரு பழைய போனில் திறந்து காட்டினார். கரையில் இருக்கும் ரேக்கின் பல் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிந்தது. அதன் பிறகுதான் மீதி வேலை. 'பாதுகாப்பற்றது' என்ற எழுத்தைப் போக்க ஆயிரக்கணக்கில் கேட்டவர்கள் உண்டு. அதற்கான சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகவே தருகிறது, கெடு முடிவதற்கு முன்பே தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி அமைக்கலாம் என்று காட்டி, அன்றைக்கே போட்டும் கொடுத்தார்.

பழைய சைட்டைப் புதிதாக மாற்றும்போது எனக்குப் பெரியப்பா நினைவு வந்தது. தொழில் கற்க வந்தவனைப் பெரியப்பா தறியில் உட்கார விடமாட்டார். தார் சுற்று, பிறகு பாவு பிணை, அவ்வளவுதான். அச்சில் நிற்கும் பழைய பாவின் நுனியோடு புதுப் பாவின் நுனியை, சாம்பலைத் தொட்டுக்கொண்டு இழைக்கு இழை திரிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. ஒன்றைத் தவறிப் பக்கத்து இழையோடு திரித்துவிட்டால் பூ கோணிக்கொண்டு வரும். முடித்ததும் பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் ஒருமுறை தடவுவார். தளர்ந்த இடத்தில் கை நின்றுவிடும். "இங்கே பிரி" என்பார். வேறு பேச்சு இருக்காது. சைட் மாற்றமும் அப்படித்தான் நடக்க வேண்டும். பழைய பக்கத்தின் முகவரியை யாரோ வாட்ஸ்அப்பில் சேமித்து வைத்திருப்பார், கூகுளும் வைத்திருக்கும். ஒவ்வொரு பழைய முகவரியும் அதற்கு நேரான புதுப் பக்கத்துக்குப் போய்ச் சேரும்படி ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். எல்லாவற்றையும் முதல் பக்கத்துக்குத் திருப்பிவிட்டு வேலை முடிந்தது என்பவர் உண்டு. பெருநகர்ப் பெண் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றையும் அழுத்திப் பார்த்து, பக்கத்தில் டிக் போட்டார்.

இனி நம் பங்கு. இதை எந்த உதவியாளராலும் செய்ய முடியாது. சேலையைப் பற்றி நெய்தவர்தான் சொல்ல வேண்டும். எழுத வராவிட்டால் போனில் பேசிப் பதிவு செய்து அனுப்புங்கள், அவர்கள் எழுத்தாக்கிக்கொள்வார்கள். எங்கள் பழைய சைட்டில் எல்லாச் சேலைக்கும் ஒரே வர்ணனைதான் இருந்தது: பாரம்பரியம், நேர்த்தி, கலைநயம். அதைப் படித்து யார் வாங்குவார்? இப்போது இப்படிப் போடுகிறோம்: நீளம் ஐந்தரை மீட்டர், ரவிக்கைத் துணி தனி, எடை இத்தனை கிராம், கோர்வையா, ஒரே நாடாவில் ஓட்டியதா, கரையில் தாழம்பூ ரேக்கு, உடலில் மல்லி மொக்கு, சரிகையில் வெள்ளி எத்தனை சதவீதம், தங்கம் எத்தனை சதவீதம். நெசவுக் கூட்டுறவுச் சங்கங்கள் 40 சதவீத வெள்ளி, 0.5 சதவீதத் தங்கம் என்று அளவு வைத்திருக்கின்றன. உங்கள் சரிகை அதற்குக் குறைவு என்றால் குறைவு என்றே எழுதுங்கள். விலையும் அதற்குத் தக்கபடிதானே இருக்கும்.

பேட்னிக்குத் தனிப் படம் போட வேண்டும். உடல் நிறம் முடிந்து முந்தி நிறம் தொடங்கும் இடத்தில் இரண்டு பாவும் சேர்ந்து நெய்யப்படும் பட்டை அது. கொஞ்சம் தடிப்பாக, பின்பக்கம் நூல் வெட்டிய தடத்தோடு இருக்கும். தெரிந்தவர் அதைத் தொட்டுப் பார்த்துத்தான் கைத்தறிதான் என்று நம்புவார். தெரியாதவர் பழுது என்று திருப்பி அனுப்புவார். அப்படித் திரும்பிய சேலை உண்டு. அந்தப் படமும் இரண்டு வரி விளக்கமும் போட்ட பிறகு, அதே பேட்னியைக் காட்டச் சொல்லிப் போன் வருகிறது. கோர்வையின் பின்பக்கத்தையும் எடுத்துப் போடுங்கள். நம் உழைப்பு அங்கேதான் வெளியே தெரிகிறது.

நிறம் பெரிய தொல்லை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்த மயில்கழுத்துச் சேலையை விரித்துப் போட்டு நேரே மேலிருந்து எடுத்தால் போன் ஏதோ ஒரு நிறத்தைத்தான் பிடிக்கும். டியூப் லைட்டில் எடுத்தால் அரக்கு கத்தரிப்பூவாகிவிடும். காலை வெயில் ஏறுவதற்கு முன், திண்ணை நிழலில், சேலையை ஒருமுறை மடக்கி மடிப்பு விளிம்பில் இரண்டு நிறமும் தெரியும்படி எடுங்கள். கையில் பிடித்து லேசாக ஆட்டி எடுத்த சின்ன வீடியோவும் சேரட்டும். படத்தை அழகுபடுத்தும் பட்டனை உதவியாளர் தொடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடை சாப்ட்வேர்கள் ஒரே சரக்கு நூறு இருக்கும் என்ற எண்ணத்தில் செய்யப்பட்டவை. நம்மிடம் ஒரு நிறத்தில், ஒரு டிசைனில் ஒரு சேலைதான் இருக்கும். இருப்பு ஒன்று என்று அமைக்கச் சொல்லுங்கள்; விற்றதும் தானாக மறைய வேண்டும். நெய்து தர வேண்டிய சேலைக்கு எத்தனை வாரம் ஆகும் என்பதை விலைக்குப் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பாவு கிடைக்கும் நாள், மழையில் தறிக்குழி ஈரம் காணும் நாள் எல்லாம் சேர்த்து நிதானமாகக் கணக்குப் போடுங்கள்.

முத்திரை விஷயத்தில் கறாராக இருங்கள். காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்று இருபது ஆண்டு ஆகிறது. பதிவு செய்துகொண்ட பயனாளர்தான் அந்தக் குறியீட்டைப் போடலாம். சில்க் மார்க்கும் அப்படியே, உறுப்பினர் ஆக வேண்டும். அழகுக்காக இருக்கட்டும் என்று எங்கிருந்தோ எடுத்து ஒட்டும் பழக்கம் சைட் செய்பவர்களிடம் இருக்கிறது. பதிவு இருந்தால் மட்டும் போடச் சொல்லுங்கள்.

சொந்த சைட்டுக்கு இப்போதைக்கு வசதி இல்லாதவர்கள், மத்திய ஜவுளி அமைச்சகம் நடத்தும் இந்தியா ஹேண்ட்மேட் தளத்தில் பதிவு செய்து விற்கலாம். அங்கே விற்கவும் இதே படங்களும் இதே விவரங்களும் வேண்டும்.

சம்பளத்தைக் குறைத்துப் பேசாதீர்கள். கூலி பேசும்போது நாம் படும் வருத்தத்தை இன்னொரு தொழிலாளிக்கு நாமே கொடுக்கக் கூடாது. முன்பணம் இவ்வளவு, முடிந்ததும் இவ்வளவு, பிறகு மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ள இவ்வளவு என்று ஒரு நோட்டில் தமிழில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். விலை மாற்றுவது, விற்ற சேலையை எடுப்பது, புதுப் படம் ஏற்றுவது மூன்றையும் அவரிடமே உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இப்போது என் மனைவியே செய்துவிடுகிறார். பெருநகர்ப் பெண்ணைக் கூப்பிடுவது பெரிய வேலைக்கு மட்டும்தான்.

ஆள் தேடக் கிளம்புமுன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் டொமைன் யார் பெயரில், எந்த மின்னஞ்சலில் இருக்கிறது, எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்த்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். வேறொருவர் பெயரில் இருந்தால் அதை மாற்றிய பிறகு மற்றதைப் பேசுங்கள்.