நான்கோடு நின்ற கணக்கு

மே மாதக் கடைசியில் தொடங்கும் பிரெஞ்சு ஓப்பனைப் பல வருடங்களாகத் தொலைக்காட்சியில் பார்த்துவருகிறேன். செம்மண் களம், ஓரத்தில் ரோலான் காரோஸ் என்ற பெயர். பழைய டென்னிஸ் சாம்பியன் யாரோ என்றுதான் நினைத்திருந்தேன். மகன் சின்னப் பையனாக இருந்தபோது கேட்டான். "அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரர்டா" என்று கூசாமல் சொல்லிவைத்தேன்.

அவர் விமானி. 1888இல் ரீயூனியன் தீவில் பிறந்தவர். கரும்புத் தோட்ட வேலைக்கு நம்மவர்கள் கப்பலேறிப் போன அதே தீவு. பாரிசில் வணிகம் படித்துவிட்டுக் கார் விற்றுக்கொண்டிருந்தவர், 1909இல் ரேம்ஸ் நகரில் விமானங்கள் பறந்ததைப் பார்த்தார். அதோடு கார் வியாபாரம் போயிற்று. 1913 செப்டம்பர் 23 அன்று தென் பிரான்சிலிருந்து கிளம்பி, எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக மத்தியதரைக் கடல்மேல் பறந்து, துனீசியாவின் பிஸெர்ட்டில் இறங்கினார். தொட்டியில் மிச்சமிருந்தது சுமார் ஐந்து லிட்டர் பெட்ரோல். ஸ்கூட்டர் ரிசர்வுக்குப் போனாலே பங்க் தேடித் தவிக்கிற எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மறுவருடம் போர். ஆகாயத்தில் எதிரியைச் சுடுவதில் ஒரு சங்கடம் இருந்தது. விமானத்தையே குறிபார்த்து நேராகச் செலுத்தி முன்பக்கமாகச் சுடுவதுதான் சுலபம். ஆனால் முன்னால் சுழல்வது தன்னுடைய விசிறி. சுட்டால் அதுவே சிதறும். மொரான்-சோல்னியே நிறுவனத்தில் இதற்கு முரட்டுத்தனமான ஒரு வழி கண்டார்கள். விசிறி இறக்கைகளில், குண்டு படும் இடத்தில் ஆப்பு வடிவ எஃகுத் துண்டுகளைப் பொருத்தினார்கள். பெரும்பாலான குண்டுகள் இடைவெளியில் போய்விடும். படுகிற ஒன்றிரண்டு எஃகில் மோதித் தெறிக்கும். எந்தத் திசையில் தெறிக்கும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். அதன் பின்னால் உட்கார்ந்து 1915 ஏப்ரலில் மூன்று ஜெர்மன் விமானங்களை வீழ்த்தினார் காரோஸ்.

அதே மாதம் 18ஆம் தேதி, ஜெர்மானியர் பிடித்துவைத்திருந்த பெல்ஜிய மண்ணில் இறங்க வேண்டியதாயிற்று. விமானத்துக்குத் தீ வைத்தார், முழுக்க எரியவில்லை. விசிறி எதிரி கைக்குப் போனது. கொஞ்ச நாளில் ஜெர்மானியருக்கு விமானம் செய்துகொடுத்த ஃபோக்கர் நிறுவனம் அதைவிடச் சாமர்த்தியமான ஒன்றைச் செய்தது: இறக்கை துப்பாக்கிக்கு நேரே வரும் கணத்தில் குண்டு வெளிவராதபடி, எஞ்சினோடு இணைத்த பொறி. அந்தப் பொறி பொருத்திய விமானங்கள் பிரெஞ்சுக்காரர்களை வேட்டையாடிய காலத்தில் காரோஸ் சிறையில் இருந்தார். இதை நினைத்து நினைத்துப் புழுங்கியிருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

ஏறத்தாழ மூன்று வருடம் கழித்து, 1918 பிப்ரவரியில், சக விமானி மார்ஷலோடு ஜெர்மன் அதிகாரி வேடத்தில் தப்பினார். அதற்குள் கிட்டப்பார்வை முற்றியிருந்தது. வெளியே தெரிந்தால் பறக்க விடமாட்டார்கள் என்று ரகசியமாகக் கண்ணாடி செய்துகொண்டாராம். கரும்பலகை தெரியாமலே கண்ணாடியைப் பைக்குள் ஒளித்து ஒரு வருடம் ஓட்டியவன் நான்; அவர் மேல் ஒட்டுதல் வந்ததே இந்த இடத்தில்தான். மீண்டும் முனைக்குப் போய் அக்டோபர் 2 அன்று இன்னொரு விமானத்தை வீழ்த்தினார். மூன்றாம் நாள் ஆர்தென் பகுதியில் சுட்டுவீழ்த்தப்பட்டு இறந்தார். மறுநாள் அவருக்கு முப்பது வயது நிறைந்திருக்கும். போர் முடிய ஐந்தே வாரம்.

ஐந்து விமானங்களை வீழ்த்தினால்தான் ‘ஏஸ்’. அவர் கணக்கில் நான்கு.

1928இல் டேவிஸ் கோப்பைக்காகப் பாரிசில் மைதானம் எழுந்தபோது, அவருடைய கல்லூரித் தோழர் எமில் லெசியூர் அந்தப் பெயரைத்தான் வைக்க வேண்டுமென்று நின்றார். நிலம் லெசியூர் தலைமை வகித்த சங்கத்தினுடையது. பேச்சு எடுபட்டது.

போன வருடம் மகனை உட்காரவைத்து எல்லாவற்றையும் திருத்திச் சொன்னேன். திரையில் யாரோ சர்வீஸ் போட, பந்து எதிராளியைத் தொடாமல் பறந்தது. வர்ணனையாளர் "ஏஸ்!" என்று கத்தினார்.

"ஐந்தாவது இதுன்னு வெச்சுக்கலாமாப்பா?" என்றான்.